கொட்டாவிக்குள் போன குமிழி

அந்தக் காலத்தில், மாடும் மரமும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, கொல்லிமலைப் புதர் ஒன்றில் குமிழி என்றொரு குட்டிப் பூதம் இருந்தது. சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். ஆனால் அது கேட்கும் கேள்விகளை ஏற்ற ஒரு வண்டி போதாது.

“அம்மா, மனுசங்க துணியை எதுக்குத் துவைக்கறாங்க? துவைச்சிட்டு எதுக்கு மறுபடியும் அழுக்காக்கறாங்க?”

தாய்ப் பூதத்துக்குப் பதில் தெரியவில்லை. “நீயே போய்ப் பாத்துட்டு வா. பொழுது சாயறதுக்குள்ள வந்துரோணும்” என்று அனுப்பிவிட்டது.

குமிழி மலையிறங்கி, அடிவாரத்து ஊரில் முதலில் கண்ணில் பட்ட வீட்டுக்குள் நுழைந்தது. அது சீரங்காயி வீடு. அவள் மகள் பவளாயியை உறுதி பண்ண மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்குத்தான் வருகிறார்கள். விடியலிலிருந்து வீடு மெழுகி, மாவாட்டி, இடுப்பு ஒடிந்துபோன சீரங்காயி சுவரில் சாய்ந்து, “ஆ...வ்” என்று ஒரு கொட்டாவி விட்டாள்.

உறியில் உட்கார்ந்திருந்த குமிழி அசந்துபோனது. இத்தனை பெரிய குகையைக் கையோடு வைத்துக்கொண்டு இவர்கள் ஏன் கூரை வீட்டில் குடியிருக்கிறார்கள்? உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஒரே தாவாகத் தாவியது. வாய் மூடிக்கொண்டது.

நாக்கில் சறுக்கித் தொண்டைக்குப் போனால், அங்கே ஒரே குப்பை. எல்லாம் சீரங்காயி சொல்ல வந்து, சொல்லாமல் விழுங்கிய வார்த்தைகள். கல்யாணமான நாளிலிருந்து விழுங்கியவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. குமிழி சுத்தமாக வளர்ந்த பிள்ளை. ‘பாவம், கூட்டித் தள்ள ஆள் இல்லை போல’ என்று வேலையில் இறங்கியது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தாய் நாச்சாயி, தட்டும் கையுமாக வந்து சேர்ந்தாள்.

“சம்பந்தியம்மா, எங்கையால சுட்ட பணியாரம். ஒண்ணு வாயில போடுங்க.”

சீரங்காயி கடித்தாள். கடிபடவில்லை. மனதில் வந்ததை விழுங்கிவிட்டு, ‘அருமை’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். விழுங்கியது தொண்டையில் வந்து விழுந்ததுமே குமிழி அதை ஓர் உதை விட்டது.

“இதைக் கவணுல வச்சு அடிச்சா காட்டுப்பன்னி செத்து விழும்!”

நாச்சாயி முகம் கறுத்துவிட்டது. சீரங்காயியின் புருஷன் மாரப்பன் பதறிப்போய், “அவ விளையாட்டுக்குச் சொல்றாளுங்க. நான் ஒரு பாட்டுப் பாடட்டுங்களா?” என்றான். குமிழி அடுத்ததையும் உதைத்தது.

“பாடாதீங்க! நீங்க பாடற அன்னிக்கெல்லாம் எருமை பால் விடறதில்லை!”

“மெய்தான்” என்றது கொட்டிலில் நின்ற எருமை.

சீரங்காயி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நாச்சாயி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “மரியாதை தெரியாத வீட்டுல எனக்குப் பொண்ணு வேண்டாம்.”

கதவோரம் நின்ற பவளாயி தேம்பித் தேம்பி அழுதாள். அந்த மாப்பிள்ளையை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பல்லிடுக்கும் விரலிடுக்கும் வழியே அதைப் பார்த்த குமிழி உதைப்பதை நிறுத்தியது. சுத்தம் செய்கிறேன் என்று வந்து இப்படியா ஆக வேண்டும்?

குப்பைக்கு அடியில் ஒரு வார்த்தை கிடந்தது. மற்றவை மாதிரி இல்லை. கனமாக, ஈரமாக இருந்தது. தள்ளலாமா, வேண்டாமா? குமிழி கண்ணை மூடிக்கொண்டு, முதுகைக் கொடுத்து முட்டித் தள்ளியது.

சீரங்காயியின் கைகள் தாமாக விலகின.

“இவளை அனுப்பிட்டு இந்த வீட்டுல நான் எப்படி இருப்பேன்?”

வாசற்படி இறங்கிய நாச்சாயி அப்படியே நின்றாள். பிறகு திரும்பி வந்து சீரங்காயி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எம் பெரியவளைக் கட்டிக் குடுத்தப்ப நானும் இதையேதான் முழுங்கினேன்” என்றாள். “பக்கத்து ஊருதானே? நெனச்சப்பெல்லாம் வந்து பாருங்க. வரும்போது பணியாரம் மட்டும் நீங்களே சுட்டு எடுத்துட்டு வந்துருங்க. எனக்கும் இது கடிபடலை.”

பவளாயி அழுகையோடு சிரித்தாள். எல்லாருமே சிரித்தார்கள். சிரித்து ஓய்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

கூரைமேல் ‘டக், டக்’ என்று சொடக்குச் சத்தம் கேட்டது. பூதங்கள் பிள்ளைகளைக் கூப்பிடுவது அப்படித்தான். தேடி வந்த தாய்ப் பூதம் இடுப்பில் ஒரு கையும் சொடக்கில் ஒரு கையுமாக நின்றது.

“இதோ வந்துட்டேம்மா!” என்று சீரங்காயி வாய்க்குள்ளிருந்து ஒரு கீச்சுக்குரல் வந்தது. கூடவே குமிழியும் வந்து விழுந்தது. விழுந்த வேகத்தில் மாரப்பன் மூக்கை மிதித்துக் கூரைக்குத் தாவியது. தாய்ப் பூதம் அதன் காதைப் பிடித்து மலைப்பக்கம் இழுத்துப் போனதை ஊரே வேடிக்கை பார்த்தது.

அன்று முதல்தான், கொட்டாவி வந்தால் வாய்க்கு முன்னால் சொடக்குப் போடும் வழக்கம் நம்மிடம் வந்தது. எந்தக் குட்டிப் பூதம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாலும், அம்மா கூப்பிடுகிறாள் என்று வீட்டைப் பார்த்து ஓடிவிடும். நாம் விழுங்கிய வார்த்தைகளும் விழுங்கிய இடத்திலேயே பத்திரமாகக் கிடக்கும்.