ஞாயிற்றுக்கிழமை போன்

மொட்டைப்பாறைச் சாமியிடம் அங்கமுத்து சிஷ்யனாகி ஏழு வருடம் ஆகிறது. சிஷ்யனுக்கு நாற்பத்தெட்டு வயது, குருவுக்கு முப்பத்தாறு. அதில் இருவருக்கும் வெட்கம் கிடையாது.

அன்று பாறை ஏறி வந்ததும் அங்கமுத்து ஒரு தாளை நீட்டினான்.

"சாமி, மக வினோதாவை அனுப்பலாமா, கூடாதா? நாளைக்குக் கையெழுத்துப் போடணும்."

ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். இரண்டு வருடம். விடுதியில்தான் தங்க வேண்டும். கைபேசியை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வார்டன் அறையில் நின்று வீட்டுக்குப் பேசலாம். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் யாரையும் சேர்ப்பதில்லை.

"ஆள் எடுக்க வந்தவர் என்ன சொன்னாரு?" என்று கேட்டார் சாமி.

அங்கமுத்து குரலில் தேன் தடவிக்கொண்டான். "'அய்யா, கவலையே படாதீங்க. இனிமே உங்க பொண்ணு எங்க பொண்ணு.' இதைக் கேட்டதுமே எனக்குச் சந்தேகம் வந்துருச்சு சாமி. எம்பொண்ணு எதுக்குய்யா உன் பொண்ணு?"

"வீட்டுல?"

இப்போது அங்கமுத்துவின் வாயிலிருந்து மனைவி பரிமளாவின் குரல் வந்தது. "'உங்களுக்கு எதைக் கண்டாலும் சந்தேகம். எங்கப்பா சீர் வச்ச குத்துவிளக்கு பித்தளைதானான்னு மணமேடையிலேயே சுண்டிப் பார்த்த ஆளுதானே நீங்க!'"

"சுண்டிப் பார்த்தீங்களா?"

"மேடையில இல்ல சாமி. இறங்கினப்புறம்."

"பொண்ணு என்ன சொல்லுது?"

"அது ஒண்ணும் சொல்லலை. பெட்டி கட்டி வச்சிருக்கு."

சாமி தாளைத் திருப்பிப் பார்த்தார். "இடத்தை நேர்ல போய்ப் பார்த்தீங்களா?"

"ரெண்டு நாள் சாமி. விடுதி வாசல்ல தள்ளுவண்டி போட்டுத் தர்பூசணி வித்தேன்."

சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "வித்துச்சா?"

"மூணு பழம் மீந்துபோச்சு."

"என்ன தெரிஞ்சுது?"

"பிள்ளைங்க சிரிச்சுக்கிட்டே போகுதுங்க, சிரிச்சுக்கிட்டே வருதுங்க. வாட்ச்மேன் பீடிகூடக் குடிக்கலை. கதவுக்கு உள்பக்கம்தான் தாழ்ப்பாள். ஒரு தப்பும் இல்லை."

"அப்புறம் என்ன?"

"அதான் சாமி சந்தேகமா இருக்கு."

சாமி சிரிக்கவில்லை. "அசல் சான்றிதழை வாங்கி வச்சுக்குவாங்களா?"

"நகல் போதும்னு எழுதி வாங்கிட்டேன்."

"வேலை முடிஞ்சா விடுதிக்கு எப்படி?"

"வேன். டிரைவரோட பேரு, ஊரு, அவர் மாமனார் ஊரு வரைக்கும் விசாரிச்சாச்சு."

"பாதியில வேண்டாம்னு தோணினா?"

"பதினஞ்சு நாள் முன்னாடி சொன்னாப் போதும், விட்டுருவாங்க."

"சரியாத்தான் பார்த்திருக்கீங்க," என்றார் சாமி.

அங்கமுத்துவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இன்னொண்ணும் பண்ணியிருக்கேன்," என்று சொல்லி அக்கம்பக்கம் பார்த்தான். பாறையில் ஓர் ஓணான் மட்டும் இருந்தது. அதையும் முறைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "வார்டன் பக்கத்துல நிக்கிறப்ப பிள்ளை எப்படி நிஜத்தைப் பேசும்? அதனால ஒரு ரகசியம் சொல்லிக் குடுத்திருக்கேன். அங்கே ஏதாவது தப்புன்னா, 'பசு கன்னு போட்டுருச்சாப்பா?'ன்னு கேக்கணும். எங்க வீட்டுல பசுவே கிடையாது!"

"கேட்டா?"

"அடுத்த பஸ்ஸுல போய்க் கூட்டிட்டு வந்துருவேன்."

"கூட்டிட்டு வந்து?"

"அப்புறம் என்ன? வாசப்படி தாண்ட விடமாட்டேன். இந்த ஜென்மத்துக்கு வேலையும் வேண்டாம், படிப்பும் வேண்டாம்."

"இது வினோதாவுக்குத் தெரியுமா?"

"நூறு தடவை சொல்லியிருக்கேன்."

சாமி தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இன்னைக்கு ஞாயித்துக்கிழமைன்னு வச்சுக்குவோம். காதுல கை வையுங்க."

சாமியும் தம் காதில் கை வைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். "ட்ரிங், ட்ரிங்," என்றார்.

அங்கமுத்து நெளிந்தான். பிறகு கையைக் காதுக்குக் கொண்டுபோனான். "ஹலோ."

"அப்பாஆ!"

அங்கமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசி எழுத்தை இழுத்துவிடும் வினோதாவின் அதே குரல். பிசிறுகூட இல்லை.

"சாப்டியாம்மா?"

"சாப்டேன்ப்பா."

"என்ன குழம்பு?"

"சாம்பார். அம்மா வைக்கிறதைவிட நல்லாயிருந்துச்சு. சொல்லிடாதே."

"வேலை எப்படிம்மா?"

"போகுதுப்பா."

"போகுதுன்னா?"

"நல்லாப் போகுதுப்பா."

அங்கமுத்து காத்திருந்தான். பசு வரவில்லை.

"வேற ஏதாவது கேக்கணுமாம்மா?"

"இல்லப்பா."

"மாடு கன்னு பத்தி ஏதாவது?"

"ஒண்ணும் இல்லப்பா. வச்சிரட்டுமா?"

அங்கமுத்து கையை இறக்கிப் பெருமூச்சு விட்டான். "பிள்ளை நல்லாத்தான் இருக்கு சாமி."

சாமி கையை இறக்கவில்லை. அதே குரலில், கொஞ்சம் மெதுவாக, "மூணு நாளா சூப்பர்வைசர் எம்பின்னாடியே வந்து நிக்கிறாருப்பா," என்றார்.

அங்கமுத்து எழுந்தே விட்டான். "அப்புறம் ஏன்டி கேக்கலை? அத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"கேட்டா அடுத்த பஸ்ஸுல வந்துருவியேப்பா."

அங்கமுத்து அப்படியே பாறையில் உட்கார்ந்தான். "சாமி, இப்ப நான் அவகிட்ட என்ன சொல்லணும்?" என்று கேட்டான்.

சாமி தம் சொந்தக் குரலுக்கு வந்தார். காதிலிருந்த கை மட்டும் அங்கேயே இருந்தது.

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க? பொண்ணு இன்னும் லைன்லதான் இருக்கு."