புரிஞ்சுதா வாத்தியார்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, மேகங்கள் இறங்கி வந்து கிணற்றில் தண்ணீர் குடித்துவிட்டுப் போன காலத்திலே, வெண்குன்றபுரம் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடம், நாற்பது பிள்ளைகள், ஒரே வாத்தியார். அவர் பெயர் ஆதிமூலம். ஆனால் ஊரில் எல்லாரும் அவரைப் 'புரிஞ்சுதா வாத்தியார்' என்றுதான் சொல்வார்கள்.

ஒரு வரி பாடம் சொல்வார். "புரிஞ்சுதா?" என்பார். நாற்பது பேரும் ஒரே ராகத்தில் "புரிஞ்சுது ஐயா" என்பார்கள். அவருக்கு மனசு குளிர்ந்துவிடும். நல்ல மனிதர்தான், காதுதான் கொஞ்சம் அவசரம்.

ஒருநாள் கல்நாவன் என்ற மந்திரவாதி வாசலில் வந்து நின்றான். "பிள்ளைகளா, மலைக்கோட்டைக்கு வழி தெரியுமா?" என்று கேட்டான். பழக்கதோஷம் விடுமா? "தெரியும் ஐயா" என்று நாற்பது பேரும் கத்தி, நாற்பது பக்கம் கையைக் காட்டினார்கள். மூன்று நாள் முள்ளுக்காட்டில் அலைந்து, வேட்டி கிழிந்து திரும்பி வந்தவன், வாசல் மண்ணை அள்ளி உள்ளே வீசினான்.

"தெரியாததைத் தெரியும்னு சொல்ற உடம்பு, சொல்லச் சொல்லக் கல்லாகட்டும்."

உள்ளே வாய்ப்பாடு முழங்கிக்கொண்டிருந்தது. சாபம் யார் காதிலும் விழவில்லை, நிலைப்படிக்கு மேலே ஒட்டியிருந்த பல்லியைத் தவிர.

மூன்றாம் வரிசையில் பூங்காவனம் என்று ஒரு பெண் இருந்தாள். நெல் அளக்கும் கலத்தை மரக்காலாக்கி, மரக்காலைப் படியாக்கும் கணக்கு அவளுக்கு ஏறவே இல்லை. ஏறாவிட்டால் என்ன, கூட்டத்தோடு "புரிஞ்சுது ஐயா" என்றாள். கால் கட்டைவிரல் கல்லானது. மறுநாளும் சொன்னாள். பாதம் கல்லானது. பாவாடையை இழுத்து மூடிக்கொண்டாள்.

மற்றவர்கள் விளையாடப் போனபோது அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டார்கள், வரவில்லை. பிறகு கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்கள். முப்பத்தொன்பது பேருக்குப் புரிகிறது, எனக்கு மட்டும் மண்டை காலி என்று நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அத்தனை பேர் நடுவில் அப்படி ஒரு தனிமை.

வாத்தியார் ஒருவழியாகக் கவனித்தார். பௌர்ணமியன்று அரசர் வந்து வைக்கும் பரீட்சை வேறு நெருங்கியது. முதல் நாள் அதட்டினார். "கவனமா இருக்கணும், புரிஞ்சுதா?" "புரிஞ்சுது ஐயா." முழங்கால் கல்லானது. இரண்டாம் நாள் அதே கணக்கை நூறு தடவை எழுதச் சொன்னார். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது ஐயா." இடுப்பு கல்லானது. மூன்றாம் நாள் அன்பாகவே கேட்டார், "பயப்படாதேம்மா, இப்போ புரிஞ்சுதா?" "புரிஞ்சுது ஐயா." கழுத்துவரை கல்லானது.

அப்போதுதான் அவள் கைகூடக் கல்லாகியிருப்பதைப் பார்த்தார். பதறிப்போய் அவளைத் தூக்கப் பார்த்தார், அசையவில்லை.

"இன்னொரு தடவை அந்தக் கேள்வியைக் கேட்டீங்கன்னா குழந்தை முழுக்கக் கல்லாயிடும்" என்றது மேலேயிருந்து ஒரு குரல். பல்லி.

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"தினமும் சொன்னேன். நீங்க எந்தத் திசையில சொன்னேன்னு பார்த்துப் பலன் கணிச்சீங்க. என்ன சொன்னேன்னு கேட்கலையே."

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். "நான் என்ன தப்பாக் கேட்டேன்?"

"நீங்க கேட்டது கேள்வியே இல்லை. புரிஞ்சுதாங்கறதுல கடைசி 'ஆ'வைக் கழட்டினா பதில் ரெடி. அதைத் தவிர வேற என்னத்தைச் சொல்லும் பயந்த குழந்தை?"

வாத்தியார் நாற்காலியை விட்டு இறங்கி, மூன்றாம் வரிசையில், அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"பூங்காவனம், கலத்துக்கு ஏன் பன்னிரண்டு மரக்கால்னு எனக்கும் புரியலைம்மா. சின்ன வயசுல நானும் உன்னை மாதிரிதான் தலையாட்டினேன். அன்னிக்கு என் பக்கத்துல யாரும் வந்து உட்காரலை. உனக்கு எந்த இடத்துல விட்டுப்போச்சு?"

அவள் கண்ணீர் கல்லின் மேல் வழிந்தது.

"முதல் வரியிலயே ஐயா. எனக்கு ஒண்ணுமே புரியலை."

கழுத்து இளகியது. அவள் அழுது முடிக்கும்வரை அவர் அவசரப்படுத்தவில்லை. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒருவன், கல்லாகிப்போன சுண்டுவிரலை நீட்டி, "எனக்கும் புரியலை ஐயா" என்றான். முன்வரிசைக்காரி கல்லாகிய காது மடலைக் காட்டினாள். அப்புறம் ஒவ்வொருவராக, முழங்கை, குதிகால், மூக்கு நுனி என்று எல்லாம் வெளியே வந்தன. ஆளுக்கொரு குரலில் உண்மை வர வர, பள்ளிக்கூடம் முழுக்கக் கல் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

பூங்காவனம் எழுந்து நின்று, வாயைப் பிளந்து, அத்தனை பேரையும் சுற்றிப் பார்த்தாள்.

"உங்களுக்கும் புரியலையா? அப்போ இத்தனை நாள் நான் ஏன் தனியா உட்கார்ந்திருந்தேன்?"

"தெரியலை" என்றார்கள் உண்மையாக. பிறகு நாலு பேர் நகர்ந்து, அவளுக்கு நடுவில் இடம் விட்டார்கள்.