கீறல் இல்லாத நாற்பத்து மூன்று இடங்கள்

மேலக்கோணத்து ஆவுடையப்பனையும் அவன் தம்பிமார் இரண்டு பேரையும் முட்டாள்கள் என்று ஊரில் சிலர் சொல்வதுண்டு. நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. முட்டாள் என்பவன் சொன்னதைக் காதில் வாங்க மாட்டான். இவர்களோ ஒரு சொல் சிந்தாமல் வாங்குவார்கள், வாங்கியதை அப்படியே செய்தும் முடிப்பார்கள். அந்த வீட்டில் நடக்கிற கூத்தெல்லாம் அதனால் வருவதுதான்.

மூத்தவன் ஆவுடையப்பன் யோசிப்பான். நடுவிலவன் சொரிமுத்து சந்தேகம் கேட்பான். இளையவன் பலவேசத்துக்குக் கை வேகம் அதிகம், மற்ற இருவரும் யோசித்து முடிப்பதற்குள் எதையாவது செய்துவிடுவான். மூன்று பேருக்கும் தங்கை செண்பகவடிவு என்றால் உயிர். அந்தக் குடும்பத்துக்கு ஒதுக்கியிருந்த புத்தி முழுவதும் பிறக்கும்போதே அவள் பங்குக்குப் போய்விட்டது. இருந்தும் என்ன, வந்த மூன்று சம்பந்தங்கள் அண்ணன்மார் செய்த உபசாரத்திலேயே கலைந்து போயின. நாலாவதாக வந்த கோமதிநாயகம்தான் எப்படியோ நிலைத்தார். நாளைக்குக் காலையில் கல்யாணம்.

இன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. அதற்காக மாப்பிள்ளையின் தாய்மாமன் குற்றாலிங்கம் தன்னுடைய புதுக் காரிலேயே மாப்பிள்ளையை ஏற்றி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கறுப்பு நிறம், வாங்கி இருபது நாள்தான் ஆகிறது. ஊருக்குள் வரும் செம்மண் சாலை அதன் நிறத்தை மாற்றிவிட்டது. மனிதர் இறங்கி நின்று காரைப் பார்த்த பார்வை, பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பார்க்கிற பார்வை.

"கவலைப்படாதீங்க அண்ணாச்சி, நாங்க கழுவித் தாரோம்" என்றான் ஆவுடையப்பன்.

குற்றாலிங்கத்துக்கு இவர்களைப் பற்றித் தெரியாது. தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

"கேட்டுக்கோங்க தம்பி. வெயில்ல வச்சுக் கழுவப்படாது, நிழல்லதான் நிக்கணும். தூசியைக் காய்ஞ்சபடியே தொடைச்சா பெயிண்டுல கீறல் விழும், தண்ணிய ஊத்தி நல்லா ஊறவிட்டுத்தான் கையை வைக்கணும். தரையில பட்ட எதுவும் காரைத் தொடப்படாது, ஒரு மண்ணு ஒட்டியிருந்தாப் போதும், கோடு இழுத்துரும். சக்கரத்துக்குத் தனித் துணி, தனி வாளி. எல்லாம் முடிஞ்ச பெறகு கீறல் இருக்கான்னு இடம் இடமாப் பாத்திரணும்."

"பாத்திருதோம் அண்ணாச்சி."

"சாயங்காலம் நானும் பாப்பேன். ஒரு கீறல் கண்ணுல பட்டுச்சு, மாப்பிள்ளைய இதே கார்ல ஏத்தித் திரும்பக் கூட்டிட்டுப் போயிருவேன். பெறகு கல்யாணமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் விளையாட்டு என்று ஒன்று உலகத்தில் இருப்பது அந்த மூன்று பேருக்கும் தெரியாது. அவர் வண்டியை நியூட்ரலில் விட்டுவிட்டு, தள்ளிக்கொள்ளச் சொல்லிவிட்டு, சொந்தக்காரர் வீட்டுக்கு மாப்பிள்ளையுடன் சாப்பிடப் போனார்.

வீட்டு முற்றத்தில் ஒரு பெரிய வாகை மரம். காரைத் தள்ளி அதன் நிழலில் நிறுத்தினார்கள். வாளி, துணி, சோப்பு எல்லாம் எடுத்து வருவதற்குள் நிழல் ஓரடி நகர்ந்துவிட்டது. திரும்பவும் தள்ளினார்கள். தண்ணீர் பிடித்து வந்தார்கள், நிழல் இன்னும் நகர்ந்திருந்தது. பின்பக்க விளக்கு வெயிலில் நின்றது.

"நிழலு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதே" என்றான் சொரிமுத்து.

"அது நிக்காதுலே. நாமதான் அது போற போக்குக்குப் போகணும்" என்றான் ஆவுடையப்பன்.

பலவேசம் ஏற்கெனவே தள்ளிக்கொண்டிருந்தான்.

அடுத்தது ஊறவிடுவது. பத்துக் குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு மூவரும் காரைச் சுற்றிக் குந்தினார்கள். எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பதை அண்ணாச்சி சொல்லாமல் போய்விட்டாரே என்ற கவலை அப்போதுதான் வந்தது.

"புளின்னா பத்து நிமிசம்" என்றான் ஆவுடையப்பன். "உளுந்துன்னா ஒரு மணி நேரம். கொண்டைக்கடலைன்னா ராத்திரி பூராவும் கிடக்கணும்."

"கார் எதுல சேத்தி?"

"பாத்தா கொண்டைக்கடலை மாதிரிதான் இருக்கு. தொலி கெட்டி."

அரை மணிக்கு ஒருமுறை பலவேசம் எழுந்து போய்க் கட்டைவிரலால் பானட்டை அமுக்கிப் பார்த்தான். "இன்னும் கல்லு மாதிரிதான் இருக்கு" என்று வருத்தத்துடன் வந்து உட்கார்ந்தான். ஊற்றிய தண்ணீர் காய்ந்தது, மறுபடி ஊற்றினார்கள். நிழல் நகர்ந்தது, மறுபடி தள்ளினார்கள்.

இரண்டு கையிலும் மருதாணி வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த செண்பகவடிவு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கை சும்மா இருந்திருந்தால் அவளே வந்து கழுவியிருப்பாள்.

"அண்ணே, கார் ஊறாது. மேல இருக்க தூசிதான் ஊறும். ஊறிட்டு. கழுவுங்க" என்றாள்.

மூவருக்கும் பெரிய பாரம் இறங்கியது. சொரிமுத்து துணியை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் முக்கினான். அது கை நழுவித் தரையில் விழுந்தது. தூர எறிந்தார்கள். இரண்டாவது துணி விழவில்லை, ஆனால் அதை முக்கி எடுத்த வாளி தரையில் இருந்தது. சொரிமுத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அண்ணே, தரையில பட்ட எதுவும் காரைத் தொடப்படாதுன்னாரே. வாளி தரையிலதானே இருக்கு?"

ஆவுடையப்பன் யோசித்தான். "அப்ப வாளியக் கையில பிடிச்சுக்கிடுவோம்."

"நாம எதுல நிக்கோம்?"

ஆவுடையப்பன் குனிந்து தன் காலைப் பார்த்தான். தரையில்தான் இருந்தது. தம்பிமார் காலையும் பார்த்தான். ஆறு காலும் தரையில் இருந்தன. இவ்வளவு பெரிய ஆபத்தில் இத்தனை நேரம் நின்றிருக்கிறோமே என்று அவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

"தண்ணி மட்டும் என்ன? அதுவும் தரைக்குள்ள இருந்துதான வருது?" என்றான் சொரிமுத்து.

"தரைக்குள்ள இருக்கது வேற, தரை மேல பட்டது வேற. குழம்பாத" என்றான் ஆவுடையப்பன். நியாயமான பதில், சொரிமுத்து சமாதானமானான்.

வாகை மரக் கிளையில் கயிறு கட்டி ஊஞ்சல் போட்டார்கள். ஆளில் மெலிந்தவன் சொரிமுத்து. அவன் காலைக் கழுவி, அப்படியே தூக்கி ஊஞ்சலில் உட்கார வைத்தார்கள். மடியில் வாளி, கையில் துணி. பலவேசம் பின்னாலிருந்து ஆட்டினான். ஊஞ்சல் காரை நெருங்கும்போது சொரிமுத்து ஒரு துடைப்புத் துடைத்தான், பின்னால் போகும்போது துணியைப் பிழிந்தான். பத்துப் பதினைந்து ஆட்டத்தில் உள்ளங்கை அளவு இடம் பளபளவென்று தெரிந்தது. மூவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

அதற்குள் நிழல் நகர்ந்தது. காரைத் தள்ளினார்கள். ஊஞ்சல் நின்ற இடத்திலேயே நின்றது. சொரிமுத்து ஆகாயத்தில் துணியை வீசிவிட்டுத் திரும்பி வந்தான்.

"நிழலு போகுது. காரு அது கூடப் போகுது. மரம் ஏன் வர மாட்டேங்குது?" என்று கேட்டான்.

மரத்தை யாரும் குறை சொல்லவில்லை. கயிற்றை அவிழ்த்து அடுத்த கிளைக்கு மாற்றினார்கள், பிறகு அதற்கடுத்த கிளைக்கு. இப்படி நாலு கிளை மாறி, சொரிமுத்துக்குத் தலை சுற்றி இரண்டு முறை வாந்தி வந்து, நாலரை மணிக்குள் கார் முழுவதும் கழுவியாகிவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும், அப்படிப் பளபளக்கும் காரை நான் பார்த்ததில்லை. முகம் பார்த்துத் தலை சீவலாம்.

மிச்சம் சக்கரம். தனி வாளியும் தனித் துணியும் எடுத்து வைத்தபோது ஆவுடையப்பன் திடீரென்று தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"லே, தரையில பட்டது காரைத் தொடப்படாதுல்லா? இந்தச் சக்கரம் பொறந்ததுல இருந்து தரையிலதான் கிடக்கு. காரையும் தொட்டுக்கிட்டுத்தான் இருக்கு."

"அண்ணாச்சி இதைக் கவனிக்கலையே" என்றான் சொரிமுத்து, அவர் மீது இரக்கப்பட்டு.

பலவேசம் டிராக்டர் பஞ்சர் பார்க்கிற கடை வாசலில் ஆறு மாதம் நின்று வேடிக்கை பார்த்தவன். டிக்கியைத் திறந்து ஜாக்கியை எடுத்தான். காரைத் தூக்கி, அடியில் நாலு சிமெண்ட் கல்லை முட்டுக் கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினான். பல் விளக்குகிற பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காகத் தேய்த்துக் கழுவி, திரும்ப மாட்டி, நட்டுகளை முடுக்கினான். அது மட்டும் குறை சொல்ல முடியாத வேலை.

"கல்லை எடுக்கவா?"

"எடுத்தா சக்கரம் தரையில பட்டுருமே" என்றான் ஆவுடையப்பன்.

ஆகவே கல் அப்படியே இருந்தது. சக்கரங்கள் தரைக்கு நாலு விரல் மேலே சுத்தமாக நின்றன. தூசி ஏறாமல் இருக்கட்டும் என்று காரைச் சுற்றிக் கீழ்ப்பக்கம் முழுவதும் ஒரு ஜரிகைச் சேலையைத் தொங்கவிட்டார்கள். பார்ப்பதற்கும் கல்யாணக் களையாக இருந்தது.

கடைசியாக, கீறல் இருக்கிறதா என்று இடம் இடமாகப் பார்க்க வேண்டும். முதலில் கதவைப் பார்த்தார்கள், பானட்டைப் பார்த்தார்கள், பிறகு பார்த்த கதவையே திரும்பப் பார்த்தார்கள். எது பார்த்த இடம், எது பார்க்காத இடம் என்று தெரியவில்லை.

"பாத்த இடத்துல ஒரு அடையாளம் வச்சிருவோம். சாக்பீஸ் இருக்கு" என்றான் சொரிமுத்து.

"சாக்பீஸ் அழிஞ்சிரும்" என்றான் ஆவுடையப்பன். "அண்ணாச்சி வாரப்ப அடையாளம் இல்லேன்னா, இந்த இடத்தை நாம பாக்கவே இல்லன்னு நினைச்சிருவாரு. தங்கச்சி வாழ்க்கை. அழியாததாப் போடணும்."

பலவேசம் கையில் ஆணி இருந்தது. ஆவுடையப்பன் கண்ணைக் காரில் ஒட்டவைத்துப் பார்த்து, "இங்க கீறல் இல்ல" என்பான். பலவேசம் அந்த இடத்தில் ஆணியால் ஒரு விரல் நீளத்துக்கு அழுத்தமாக ஒரு கோடு போடுவான். சொரிமுத்து எண்ணினான். மொத்தம் நாற்பத்து மூன்று இடம்.

ஐந்தரை மணிக்குக் குற்றாலிங்கம் வந்தார். கூடவே பட்டு வேட்டியும் மாலையுமாக மாப்பிள்ளை கோமதிநாயகம். நாதஸ்வரக்காரர்கள் சுவரோரம் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். தூரத்திலிருந்து காரைப் பார்த்ததும் குற்றாலிங்கத்தின் முகம் விரிந்தது.

"சும்மா சொல்லப்படாது. கண்ணாடி மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் வந்தார். வந்தவர் குனிந்து கதவை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது என்ன?"

"கோடு, அண்ணாச்சி" என்றான் பலவேசம் அடக்கமாக. "கீறல் இல்லாத இடத்துல மட்டும்தான் போட்டிருக்கேன்."

"மொத்தம் நாப்பத்தி மூணு. ஒண்ணுலகூடக் கீறல் கிடையாது. சந்தேகம்னா எண்ணிக்கோங்க" என்றான் ஆவுடையப்பன்.

குற்றாலிங்கம் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எண்ணினாரோ என்னவோ, உதடு அசைந்தது. பாதி விளையாட்டாகச் சொன்னதை முழுசாகச் செய்துவிடுவது என்று அந்த ஒரு சுற்றில் முடிவு செய்துவிட்டார்.

"கோமதிநாயகம், ஏறு வண்டியில."

"மாமா, கல்யாணம்..."

"ஏறுன்னா ஏறு. கண்ண மூடிக்கிட்டு உக்காரு. இந்த ஊரை இனிமே நீ பாக்கப்படாது."

கோமதிநாயகம் மாமன் சொல்லைத் தட்டாதவர். ஏறினார், உட்கார்ந்தார், கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பாவமாகத்தான் இருந்தது.

சத்தம் கேட்டுச் செண்பகவடிவு பதறிப்போய் வாசலுக்கு ஓடி வந்தாள். காரைப் பார்த்தாள், அடியில் தொங்கிய சேலையைப் பார்த்தாள், அதன் ஓரத்தில் தெரிந்த சிமெண்ட் கல்லையும் பார்த்தாள்.

"அண்ணே, கல்லை எடுத்தியளா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லையே" என்றான் ஆவுடையப்பன், தேம்பிக்கொண்டே.

அவள் பெருமூச்சு விட்டுவிட்டு, மிச்சப் பூவை வைத்துக்கொள்ள உள்ளே போனாள்.

கார் உறுமியது. குற்றாலிங்கம் நேரே ரோட்டைப் பார்த்தபடி ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். சேலைக்குள்ளே சக்கரங்கள் சுழன்றன. அண்ணன் தம்பி மூவரும் வரிசையாக நின்று, கண்ணீர் வழிய, கையை ஆட்டி வழியனுப்பினார்கள். ஆட்டினார்கள், ஆட்டினார்கள், கை வலித்தது.

"அண்ணே, அவரு போய் ரொம்ப நேரமாச்சு. இன்னும் கண்ணுக்குத் தெரியுதாரே" என்றான் சொரிமுத்து.

"மனசு வரலைலே அவருக்கு" என்றான் ஆவுடையப்பன். "கோவத்துல கிளம்பிட்டாரு, ஆனா நம்மள விட்டுப் போக முடியல."

குற்றாலிங்கம் இன்னும் கொஞ்சம் மிதித்துப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே வாகை மரத்தைப் பார்த்தார். அது பத்து நிமிஷமாக அங்கேயே நின்றது. கதவைத் திறந்து, சேலையை ஒதுக்கி, கீழே எட்டிப் பார்த்தார். இன்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தார். ஹாரன் நீளமாக அலறியது. மாப்பிள்ளை அழைப்பை ஆரம்பிக்க அதுதான் சைகை என்று நினைத்து நாதஸ்வரக்காரர்கள் எழுந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மேளம் கேட்டதும் கோமதிநாயகம் கதவைத் தடவித் திறந்து இறங்கினார். கண் இன்னும் மூடியேதான் இருந்தது.

"மேளச் சத்தம் கேக்கு. ஏங்க, இது எந்த ஊரு?" என்று கேட்டார்.

"மேலக்கோணம்" என்றான் சொரிமுத்து.

மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு. நாளைக்கு எனக்கு இந்த ஊர்லதான் கல்யாணம்."

ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் இரண்டு கையையும் பிடித்தான்.

"அப்பிடியா? எங்க தங்கச்சிக்கும் நாளைக்குத்தான். அதனால உங்க கல்யாணத்துக்கு எங்களால வர முடியாது. தப்பா நினைச்சுக்கிடாதீங்க."