வாத்து மகாராஜாவின் சிம்மாசனம்

காடு அல்ல குழந்தைகளே, இது ஒரு பூங்கா. கடல் கடந்து வெகு தூரத்தில் இருக்கிறது. அதன் புல்வெளி நடுவே, ரோமாபுரிக்காரர்கள் ஆதிகாலத்தில் கட்டிய ஓர் ஊர் இடிந்து கிடந்தது. சுவர்கள் முழங்கால் உயரம். கூரை கிடையாது.

அங்கே ஒரு வாத்து இருந்தது. தற்பெருமையில் அது ஊதிப்போயிருந்ததால், படகு என்று நினைத்து இரண்டு பேர் அதன் முதுகில் ஏறப் பார்த்தார்களாம்!

பனிக்காலம் நெருங்கியது. வாத்து ஓர் அணிலின் மரத்தடிக்கு வந்தது.

"ஏய் அணிலே! இந்த ஊரை ஆண்டது என் பரம்பரை. நீ சேர்த்த கொட்டையெல்லாம் எனக்கு வரி. எடு!"

கொட்டை போனால் பனிக்காலம் முழுக்கப் பட்டினிதான். ஆனாலும் அணில் பணிவாகக் கேட்டது: "தாராளமாக, அண்ணே. ஆனால் அரசர் என்றால் சிம்மாசனம் வேண்டுமே! உங்கள் முன்னோர் எதில் உட்கார்ந்தார்கள்?"

வாத்து இங்குமங்கும் பார்த்தது. மரத்துக்கு நேர் கீழே நீளமாக ஒரு பளிங்கு மேடை. அதில் வரிசையாக வட்ட ஓட்டைகள்.

"இதோ!" என்று ஓர் ஓட்டையின் மேல் தாவி உட்கார்ந்தது.

அணில் சிரிப்பை அடக்கிக்கொண்டது. வருகிறவர்களுக்கு அந்த இடிந்த ஊரைச் சுற்றிக் காட்டும் ஓர் அம்மா அந்த மேடையைப் பற்றிச் சொல்வதை அது தினமும் கேட்கிறதே! இப்போதும் அவர் பள்ளிப் பிள்ளைகளோடு வந்துகொண்டிருந்தார்.

"நிச்சயமாகத் தெரியுமா, அண்ணே?"

"என்ன கேள்வி இது! என் தாத்தா காலையில் எழுந்ததும் நேரே இங்கேதான் வருவார். பக்கத்தில் பாட்டி, சித்தப்பா, மந்திரி எல்லாரும் இருப்பார்கள். ஒரு நாள் வராவிட்டாலும் தாத்தாவுக்கு உடம்பே சரியிருக்காது!"

"ஓட்டை எதற்கு?"

"வாலைத் தொங்கவிடத்தான். ராஜாவின் வால் கசங்கலாமா?"

அதற்குள் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். தன்னை வணங்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று வாத்து கழுத்தை நீட்டியது.

"பிள்ளைகளே, இதுதான் ஊர்ப் பொதுக் கழிப்பறை" என்றார் அந்த அம்மா. "எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து, கதை பேசிக்கொண்டே காரியத்தை முடிப்பார்கள்."

"ஐயய்யே!" என்று பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். "பாவம், வாத்துக்கு அவசரம் போல! எல்லாரும் திரும்பிக்கோங்க!"

வாத்தின் நீட்டிய கழுத்து இறக்கைக்குள் போய்விட்டது.

"அவசரமில்லை, மகாராஜா!" என்று மரத்திலிருந்து கத்தியது அணில். "நிதானமாக ஆட்சியை முடித்துக் கால் கழுவிவிட்டு வாருங்கள். வரியைப் பற்றி அப்புறம் பேசலாம்!"

வாத்து ஓடிப்போய்ப் பூங்காக் குளத்தில் விழுந்த சத்தம் ரோமாபுரி வரைக்கும் கேட்டது.

நீதி: இல்லாத பெருமையைச் சொல்லி அடுத்தவர் உணவைப் பறிக்கப் போனால், ஊர் சிரிக்கும்.