சுண்ணாம்புக் கப்பல்

நெட்டக்காளைப்பட்டிக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கடல் பக்கத்திலிருந்து அந்த ஊருக்குள் வந்து போகிற ஒரே ஆள் கருவாட்டுக்காரர். அவரும் சைக்கிளில்தான் வருவார். அப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து ஒச்சப்பன் குடும்பம் மொத்தமும் கப்பலேறக் கிளம்பிய கதையைச் சொல்கிறேன். உங்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

ஒச்சப்பனுக்கு ஊர் சுற்றுகிற ஆசையெல்லாம் இல்லை. எண்பதை நெருங்கிய அந்த மனுசனுக்கு இருந்தது ஒரே ஒரு குறை. மகன்கள், மகள், மருமக்கள், பேரன் பேத்தி எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, எவனும் கோவித்துக்கொண்டு பாதியில் எழுந்து போகாமல், மோர்ச்சோறு வரைக்கும் சாப்பிட்டு முடித்ததை அவர் பார்த்ததே இல்லை.

கோவித்துக்கொண்டு போவது அந்தக் குடும்பத்துக்கு மூச்சு விடுவது மாதிரி. மூத்தவன் தவசி ஒரு பால்காய்ப்பு வீட்டில், "பால் பொங்குறப்ப என்னைய ஏன் கூப்பிடல?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். அது அவன் கட்டிய வீடு. இளையவன் காசி தன் கல்யாணப் பந்தியிலேயே கோவித்துக்கொண்டு போனான். கல்யாணப் பொண்ணு அன்னக்கிளி ஒற்றையாக உட்கார்ந்து இரண்டு இலையையும் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தாள். மகள் பெருமக்காளைக் கட்டிய மாப்பிள்ளை கொடிவீரன், கோவிப்பதற்கென்றே செருப்பை வாசலைப் பார்த்துக் கழற்றிப் போடுகிறவர். ஒச்சப்பன் மட்டும் லேசா? ஒருமுறை சொந்த வீட்டிலிருந்து கோவித்துக்கொண்டு போனவர், யாரும் கூப்பிட வரவில்லை என்று திரும்பி வந்து இன்னொரு தடவை கோவித்துக்கொண்டு போனார்.

இப்படி இருக்கையில் ஒருநாள் டீக்கடை டிவியில் கப்பலைக் காட்டினார்கள். மாடி மாடியாக, ஒரு தெருவே மிதக்கிற மாதிரி. ஒச்சப்பன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏய் தவசி, அதைச் சுத்தி என்னடா?"

"தண்ணிப்பா."

"அங்கிட்டு?"

"அங்கிட்டும் தண்ணிதான்."

"உள்ள பந்தி போடுவாகளா?"

"மூணு நாளும் சோறு போடுறாகளாம்."

"அதுல ஒருத்தன் கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சா?"

தவசி ரொம்ப நேரம் யோசித்தான். "எங்கிட்டுப்பா போவான்?"

டிக்கெட் காசுக்காகக் கிணற்றடிப் புளியமரங்களை மறுநாளே விலை பேசிவிட்டார் ஒச்சப்பன்.

மதுரையில் கப்பல் டிக்கெட் போட்டுத் தருகிற ஆள் ஒருத்தர் இருந்தார். நல்ல மனுசன், பொறுமைசாலி. "ஐயா, மொத மொத போறீங்க. ரெண்டு விசயம் மட்டும் நல்லா மனசுல வச்சுக்கங்க. ஆளுக்கு இருபது கிலோ லக்கேஜ். அப்புறம், ஏறிட்டா நடுவுல இறங்க முடியாது. மூணு நாளும் உள்ளதான். சில பேருக்கு ஒரு மாதிரி இருக்கும். அதுக்கு வீட்லயே மனசைப் பழக்கிக்கிட்டு வாங்க. சனிக்கிழமை மத்தியானம் வேன் அனுப்புறேன், ரயிலுக்குக் கொண்டுவந்து விட்டுரும்."

தவசியும் காசியும் பஸ்ஸில் திரும்பி வரும்போது அதை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்கள், ஒரு எழுத்துகூடச் சிந்திவிடாமல்.

முதலில் லக்கேஜ். புளி மண்டித் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து களத்தில் வைத்தார்கள். வேட்டி சட்டை, துண்டு, சீப்பு எல்லாம் போட்டும் ஒச்சப்பன் பை நாலு கிலோவைத் தாண்டவில்லை.

"பதினாறு குறையுதே," என்று கவலைப்பட்டான் காசி. "கப்பல்ல சேத்துக்குவானா?"

"இருபதுன்னு தெளிவாச் சொல்லியிருக்கான். குறைஞ்சா கப்பல் ஒரு பக்கம் தூக்கிரும்டா," என்றான் தவசி.

அம்மிக்கல் ஒச்சப்பன் பைக்குள் போனது. உடைந்த திருகைக்கல்லில் பாதி காசிக்கு, பாதி அன்னக்கிளிக்கு. பெருமக்கா ஒரு மூட்டை பருத்திக்கொட்டை எடுத்துக்கொண்டாள். கடைசியில் அன்னக்கிளியின் கைக்குழந்தை பாக்கி.

"பச்சப்புள்ளைக்கு என்னத்துக்கு மாமா இருபது கிலோ?" என்று தவசியிடம் கேட்டாள் அன்னக்கிளி.

"அதுக்கும் டிக்கெட் போட்டிருக்கா இல்லையா?"

"போட்டிருக்கு."

"அப்ப அதுவும் ஆளுதானே தாயி?"

ஆட்டுரல் குழவியைத் துணியில் சுற்றிப் பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரட்டைப் பிள்ளை மாதிரி இருந்தது.

அடுத்தது மனசைப் பழக்குவது. மூன்று நாள் இறங்காமல் இருந்து பழக ஒரு கப்பல் வேண்டுமே! ஊர்க் கண்மாய் காய்ந்து கிடந்தது. கபடிக்குக் கோடு போடுகிற சுண்ணாம்புப் பொடியை எடுத்துப் போய், கண்மாய்க்கு நட்ட நடுவில், முன்னால் கூராகவும் பின்னால் அகலமாகவும் காசி ஒரு கப்பல் போட்டான். கோட்டுக்கு உள்ளே கப்பல், வெளியே கடல். ஒரு மூலையில் நாலு கம்பு நட்டுச் சாக்கு கட்டி, அவசரத்துக்கு ஒதுங்க இடமும் வைத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஏற வேண்டியதுதான் பாக்கி. அப்போது கொடிவீரன் கேட்டார், "மூக்கு எந்தப் பக்கம் பாத்திருக்கு?"

"மேக்கே மாப்ள," என்றான் காசி.

"வெள்ளிக்கிழமை மேக்கே சூலமாச்சே. சூலத்துக்கு எதிர்ல எவனாவது கப்பல் விடுவானா?"

மாப்பிள்ளை சொன்னது நியாயம். இருந்த கோட்டை அழித்து மூக்கைக் கிழக்கே வைத்துப் போட்டார்கள். சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, வலது காலை எடுத்து வைத்துக் குடும்பம் மொத்தமும் ஏறியது. ஏறியதும் ஒச்சப்பன் எழுந்து நின்று சொன்னார்: "எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க. கோட்டைத் தாண்டினா கடலு. நம்மள்ல ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது."

பிள்ளைகளெல்லாம் நடுவுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

மத்தியானம் பந்தி போட்டார்கள். கெடா வெட்டிக் குழம்பு. ஒச்சப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஈரல் சட்டியோடு வந்த அன்னக்கிளி, கை பக்கத்தில் இருந்த காசி இலையில் முதலில் வைத்துவிட்டாள். அவ்வளவுதான்.

கொடிவீரன் துண்டை உதறித் தோளில் போட்டார். "வீட்டு மாப்பிள்ளைக்கு அப்புறந்தான் ஈரலா? இந்த மருவாதைக்கா என்னையக் கூட்டியாந்தீக? நான் வாரேன்."

"என்னங்க, உக்காருங்க," என்றாள் பெருமக்கா.

"நீ பேசாத. நான் போறேன்னா போறேன்."

விறுவிறுவென்று நடந்தார். கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றார். குனிந்து பார்த்தார். தொலைவில் ஒரு எருமை கண்மாயில் படுத்திருந்தது.

"மச்சான், இங்க ஆழம் எம்புட்டு இருக்கும்?" என்று திரும்பாமலே கேட்டார்.

"நடுக்கடல் மாப்ள," என்றான் தவசி. "அந்தா பாருங்க, திமிங்கலம்."

கொடிவீரன் இடுப்பில் கை வைத்தபடி ரொம்ப நேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து இலை முன்னால் உட்கார்ந்தார். "சோத்துக்காகத் திரும்பல. கடலுக்காகத் திரும்பியிருக்கேன். எல்லாரும் தெரிஞ்சுக்கங்க."

"அதெப்படி மாப்ள, எங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லி, தன் ஈரலையும் அவர் இலைக்குத் தள்ளினார் ஒச்சப்பன். மோர்ச்சோறு வரைக்கும் பந்தி நடந்தது. கிழவருக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. "கடல் காத்துப்பா, உப்பு," என்று துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் அடுத்த பிரச்சினை. சனிக்கிழமை கிழக்கே சூலம். மூக்கு கிழக்கேதான் இருக்கிறது.

"திருப்பணும்," என்றான் தவசி.

காசி துடைப்பத்தை எடுத்து மூக்குப் பக்கக் கோட்டை அழித்தான். அழித்து முடித்தபிறகுதான் அன்னக்கிளி கத்தினாள்: "அடப்பாவி மனுசா, தண்ணி உள்ள வரும்யா!"

ஒரே கூச்சல். குடும்பம் மொத்தமும் அம்மிமேலும் திருகைமேலும் பருத்திக்கொட்டை மூட்டைமேலும் ஏறி நின்றுகொண்டது. கொடிவீரன் சேலைத் துணியைச் சுருட்டி ஓட்டையை அடைத்தார். காசி குண்டாவால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினான். வெறுங்குண்டாதான், ஆனால் அவனுக்கு மூச்சு வாங்கியது. ஒரு வழியாகத் தவசி கோட்டைப் போட்டு மூடினான். மூக்கு மேற்கே திரும்பியது. "தப்பிச்சோம்," என்றார் ஒச்சப்பன். எல்லாரும் சேலை முந்தானையையும் வேட்டியையும் பிழிந்து காயப் போட்டார்கள்.

மத்தியானம் அடுத்த பந்திக்கு இலை போடுகிற நேரம். கண்மாய்க் கரைமேல் வேன் வந்து நின்றது. டிரைவர் பூமிநாதன் ஹாரன் அடித்துப் பார்த்தார். யாரும் அசையவில்லை. இறங்கி, கண்மாய்க்குள் நடந்தே வர ஆரம்பித்தார்.

"ஐயோ, ஒரு மனுசன் கடல்ல வாராருப்பா!" என்று பெருமக்கா அலறினாள்.

கயிற்றை வீசினார்கள். பூமிநாதன் அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் பிடித்தார். எல்லாரும் சேர்ந்து இழுத்ததில் கோட்டுக்கு உள்ளே வந்து விழுந்தார். அவர் தலையைத் துவட்டிவிட்டார் கொடிவீரன்.

"யோவ், என்னய்யா பண்றீங்க? ரயிலுக்கு நேரமாச்சு, கிளம்புங்க."

"எப்படிண்ணே கிளம்புறது? கப்பல் நாளைக்குத்தானே கரை சேரும். மூணு நாள் கணக்கு," என்றான் காசி.

"நிசக் கப்பலுக்குப் போக வேணாமாய்யா?"

"நடுவுல இறங்கக் கூடாதுன்னு டிக்கெட்காரரே சொல்லியிருக்காருண்ணே. அது கிடக்கட்டும், நீங்க எப்படித் தண்ணிமேல நடந்து வந்தீக?"

பூமிநாதன் தலையில் அடித்துக்கொண்டார். "லைசென்ஸ் வாங்கி இருபது வருசமாச்சு. இப்படி ஒரு சவாரிய நான் பாத்ததே இல்ல!"

கப்பலில் இருந்த அத்தனை பேரும் அவர் சட்டைப் பையையே பார்த்தார்கள்.

"அதானே பாத்தேன்," என்றான் தவசி மெதுவாக. "அண்ணங்கிட்ட லைசென்ஸ் இருக்கு."

"அதை வச்சிருந்தா நாமளும் போகலாமோ?" என்றார் கொடிவீரன்.

பூமிநாதனும் மனுசன்தானே. ரயில் போய்விடுமே என்ற அவசரத்தில், "இந்தாங்க, இதைப் பிடிச்சுக்கிட்டாவது வந்து தொலைங்க," என்று சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஒச்சப்பன் அதை இரண்டு கையாலும் வாங்கினார். "ஒரு லைசென்ஸுக்கு ஒரு ஆளுதான் போகணும். ரெண்டு பேராப் போனா போலீஸு பிடிக்கும். மொதல்ல மாப்ள போகட்டும், அவருதான் கோவக்காரரு."

கொடிவீரன் லைசென்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறுகையில் தன் இருபது கிலோவைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்துக் கரை சேர்ந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். கரையில் நின்றுகொண்டு, "மச்சான், லைசென்ஸு எங்கிட்டயில்ல இருக்கு! அடுத்த ஆளு எப்படி வரும்?" என்று கத்தினார்.

"தூக்கி எறிங்க மாப்ள!"

"கடல்ல விழுந்துட்டா?"

அதுவும் சரிதான். "நானே போய் வாங்கிட்டு வாரேன்," என்று பூமிநாதன் எழுந்தார். நாலு பேர் பாய்ந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். "லைசென்ஸ் இல்லாம இறங்கப் பாக்குறீகளேண்ணே! பிள்ளைகுட்டிக்காரரு இல்லையா நீங்க?"

வேறு வழியில்லாமல் கொடிவீரனே திரும்பி நடந்து வந்து லைசென்ஸைத் தவசியிடம் கொடுத்தார். கொடுத்த பிறகு இவர் எப்படிப் போவார்? கப்பலிலேயே உட்கார்ந்துகொண்டார். தவசி கரைக்குப் போனான். அடுத்த ஆளுக்குக் கொடுக்கத் தவசி திரும்பி வந்தான். பெருமக்கா போனாள், வந்தாள். காசி போனான், வந்தான். அன்னக்கிளி ஒருதடவை பிள்ளையை விட்டுவிட்டுத் தனக்காகப் போய் வந்தாள், இன்னொரு தடவை பிள்ளை கையில் லைசென்ஸைக் கொடுத்து, அதைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காகப் போய் வந்தாள். பேரன் பேத்திகள் வரிசையாகப் போய் வந்தார்கள். கடைசியாக ஒச்சப்பன் போய், லைசென்ஸை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டுமே என்று திரும்பி வந்தார்.

அதற்குள் ரயில் போயே போய்விட்டது.

ஒச்சப்பன் கப்பலைச் சுற்றிப் பார்த்தார். ஒருத்தர் குறையாமல் அத்தனை பேரும் இருந்தார்கள். "பாத்தியாடா தவசி?" என்றார். "அத்தனை பேரும் கரைக்குப் போனாக. ஒருத்தராவது போனாகளா?"

"ஒருத்தரும் போகலப்பா."

"போடுறா இலையை!"

பூமிநாதனுக்கும் ஒரு இலை போட்டார்கள். இந்தத் தடவை ஈரல் முதலில் அவருக்குத்தான் வந்தது. பக்கத்தில் மாப்பிள்ளை முறைப்பது தெரிந்து, பாதியை அவர் இலைக்கு நகர்த்தினார். அந்த நேரம் பார்த்து வேன் முதலாளி போன் அடித்தார். எழுந்து போய்ப் பேசினால் பெரியவர் மனசு நோகுமே என்று, பூமிநாதன் உட்கார்ந்தபடியே தோளில் போனை இடுக்கிக்கொண்டு சொன்னார்:

"ஆமா முதலாளி, வண்டி பத்திரமா கரையில நிக்குது. நான் நாளைக்குத்தான் வருவேன். இல்ல முதலாளி, லைசென்ஸெல்லாம் என்கிட்டதான் இருக்கு. இப்ப அலை கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு."