கல்தொட்டியில் வளர்ந்த முதலை

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களே. படித்துறைக்குப் படித்துறை முதலை வெயில் காய்ந்த காலம் அது. கோட்டையூரைத் திருக்கண்டன் என்ற அரசன் ஆண்டுவந்தான்.

அவனுக்குப் பத்து வயதானபோது, வலையில் சிக்கிய முதலைக்குஞ்சு ஒன்றை மீனவர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு சாண்கூட இல்லை. அவன் உள்ளங்கையிலேயே தூங்கும். செல்லி என்று பெயரிட்டு, உள்முற்றத்து நிழலில் கல்தொட்டி கட்டி வளர்த்தான்.

பையன் அரசனானான். செல்லி ஒரு முழமானது, ஓர் ஆள் நீளமானது, பிறகு இரண்டு ஆள் நீளமானது. தொட்டியை மட்டும் யாரும் பெரிதாக்கவில்லை. செல்லி வாலை வளைத்துக்கொண்டே கிடந்தது.

ஒரு மார்கழியில் செல்லி சாப்பிடுவதை நிறுத்தியது. அரசன் பதறிப்போய், பிழைக்க வைக்கத் தெரிந்தவர்கள் வரலாம் என்று பறையறைவித்தான்.

முதலில் சமையற்காரன் வந்தான். இளம் ஆட்டுக்கறியைக் காட்டினான். அது மூக்கைக்கூட அசைக்கவில்லை.

அடுத்து யானைப்பாகன் வந்தான். வாயைப் பிளந்து இரையைத் திணிக்கப் பார்த்தான். இரண்டு விரல்களை இழந்தான்.

மூன்றாவதாக ஓடக்காரி காத்தாயி வந்தாள். எதையும் தொடவில்லை. மூன்று நாள் தள்ளி நின்று பார்த்தாள்.

"ராசா, இதுக்கு நோய் இல்லை, இடம்தான் இல்லை. வெயில் படாவிட்டால் முதலைக்குத் தின்றது செரிக்காது. ஏறிப் படுக்க மணலும் வேண்டும்."

"ஆற்றிலேயே விட்டுவிடவா?"

"மனுசர் கையில் தின்று பழகியது. குளிப்பவர்களைத் தேடி வரும். உங்கள் பூந்தோட்டத்தில் குளம் வெட்டுங்கள். சுற்றி உயரமாக மதில் எழுப்புங்கள். பிறகு நீங்களும் உள்ளே போகக் கூடாது."

அது அவன் தாய் வைத்த மல்லிகைத் தோட்டம். அரசன் முகம் வாடியது.

"என் கையில் தூங்கியது அம்மா, இது. என்னை ஒன்றும் செய்யாது."

"தூங்கியது அந்தக் குஞ்சு, ராசா. நீங்கள் இன்னும் அதைத்தான் வளர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். தொட்டியில் கிடப்பதைப் பாருங்கள்."

அரசன் பார்த்தான். கல்லில் உரசி உரசி வால் புண்ணாகியிருந்தது. இத்தனை வருடம் அது அவன் கண்ணில் படவே இல்லை.

மறுநாள் தோட்டத்தில் முதல் வெட்டை அவனே வெட்டினான். குளம் வெட்டினார்கள், மணல் கொட்டினார்கள், மதில் எழுப்பினார்கள். காத்தாயி ஈரச் சாக்கால் செல்லியின் கண்ணை மூடி, வாயைக் கயிற்றால் கட்டி, பன்னிரண்டு பேரைக்கொண்டு தூக்கிவந்து குளத்தில் விட்டாள்.

மூன்றாம் நாள் அது மணலில் ஏறி, உடம்பை முழுதாக நீட்டிப் படுத்தது. பத்தாம் நாள் ஒரு மீனை விழுங்கியது.

அரசன் மதிலுக்கு இந்தப்புறம் படிக்கட்டில் ஏறி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அது திரும்பவில்லை. அந்தச் சின்னக் குஞ்சை நினைத்து அவன் கண் நிறைந்தது. என்றாலும் வெயில் சாயும்வரை அங்கேயே நின்று, அது நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓர் உயிரை வளர்க்க எடுப்பவர், அது முழுதாய் வளர்ந்தபின் கேட்கும் இடத்தையும் காவலையும் கடைசிவரை கொடுக்கத் துணிந்தே எடுக்க வேண்டும்.