ரெண்டு கார்டுக்கும் ஒரே தூசி

இது நான் நேரில் பார்த்ததல்ல. ஜெபசிங் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கும் என் நண்பன் சொன்னது. எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன் அவன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சங்கரன்கோவிலில் இசக்கிராஜ், ஜெபசிங், பூலோகபாண்டி என்று மூன்று பேர். மூவருக்கும் சேர்த்து, ஜெபசிங் வீட்டு மாடியில் ஒரே கம்ப்யூட்டர். ஞாயிற்றுக்கிழமை கீழத்தெருப் பையன்களோடு கார் ரேஸ் விளையாட்டில் பந்தயம். தோற்றால் ஒரு மாதம் கீழத்தெரு பைக்குகளை எல்லாம் இசக்கிராஜ் துடைக்க வேண்டும். அவனே வாய்விட்டு ஒத்துக்கொண்டது.

கம்ப்யூட்டருக்குள் இருந்து திரையில் படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு ரொம்பப் பழையது. கம்ப்யூட்டர் கடை அண்ணாச்சி, விலை குறைந்த புது மாடல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"போட்டுப் பாருங்க. பிடிக்கலைன்னா சனிக்கிழமை கொண்டாந்திருங்க. ஆனா ரெண்டையும் ஒரே நிலைமையில வச்சுப் பாக்கணும். அதுதான் நியாயம்."

மூவரும் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்.

முதலில் பழைய கார்டை ஓட்டினார்கள். திரையில் கார் நொண்டி நொண்டிப் போனது. மூன்றாவது வளைவில் கரண்ட் போய்விட்டது. கரண்ட் திரும்ப வருவதற்குள் புரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்து, பழையதைக் கழற்றிப் புதியதை எடுத்தார்கள்.

"பொறுலே," என்றான் ஜெபசிங். "பழசுல எம்புட்டுத் தூசி! புதுசு பளபளன்னு இருக்கு. இது ஒரே நிலைமையா?"

"பழசைத் துடைச்சிருவமா?" என்றான் பூலோகபாண்டி.

"துடைச்சா அது எப்படிலே பழசு?"

பீரோவுக்கு மேலிருந்து தூசியை வழித்து, மாவுச் சல்லடையில் சலித்து, புதிய கார்டின் மேல் பதமாகத் தூவினார்கள்.

இசக்கிராஜ் உட்கார்ந்தான். உடனே எழுந்தான். "மொதல்ல ஓட்டினப்ப எனக்குப் பசிச்சுதுல்லா. இப்ப வயிறு நெறஞ்சிருக்கே."

அவனுக்குப் பசிக்கும்வரை மற்ற இருவரும் அவன் வயிற்றையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

பசித்தது. கார் கிளம்பியது. மூன்றாவது வளைவு வந்ததும் "கரண்டு!" என்று கத்தினான் ஜெபசிங். பூலோகபாண்டி ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தான். கீழ்வீட்டில் கிரைண்டர் நின்றது; யாரோ திட்டியது மாடி வரை கேட்டது.

முடிவு தெளிவாக இருந்தது. இரண்டிலும் கார் ஒன்றுபோலவே நொண்டியது. தொட்டுப் பார்த்தால் இரண்டுமே சுடவில்லை.

"மயிரிழை வித்தியாசம் இல்லலே," என்றான் இசக்கிராஜ். "பெறவு புதுசு எதுக்கு?"

சனிக்கிழமை திருப்பிக் கொடுத்தார்கள். அண்ணாச்சி கார்டைத் தடவி, விரலைப் பார்த்தார்.

"என்னடே இது?"

"நியாயம், அண்ணாச்சி."

ஞாயிற்றுக்கிழமை பழைய கார்டோடு ஆடித் தோற்றார்கள்.

எனக்கு இதை நம்ப முடியவில்லை. நேரிலேயே போனேன். வாசலில் இசக்கிராஜ் ஒரு பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டு மாடிக்குப் போய்க் கம்ப்யூட்டரின் பின்பக்கம் பார்த்தேன். மானிட்டர் வயரைக் கிராபிக்ஸ் கார்டில் செருகினால்தான் கார்டு வேலை செய்யும். இவர்கள் அதைக் கம்ப்யூட்டரோடு வந்த வேறொரு துளையில் செருகியிருந்தார்கள். வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தானாம்.

கீழே வந்து, இசக்கிராஜிடமும் பக்கத்தில் நின்ற ஜெபசிங்கிடமும் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப பழசு வேலையே செய்யலையா?" என்றான் இசக்கிராஜ்.

"இல்லை."

"புதுசு?"

"அதுவும் இல்லை."

"கொஞ்சங்கூட?"

"கொஞ்சங்கூட."

அவன் முகம் மலர்ந்தது. பைக் துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஜெபசிங்கைப் பார்த்தான்.

"மயிரிழை வித்தியாசம் இல்லன்னு அன்னைக்கே சொன்னம்லா!"